இரண்டாம் நாளுக்கும் கால் மிஞ்ச வேண்டும்

சைக்கிள் பக்கம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

மவுண்டன் பைக் நெடுந்தூரப் போட்டிகளை அடுத்தடுத்து ஓடுவது பற்றித்தான் இம்முறை கடிதங்கள் அதிகம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறோம்.

கேள்வி: சனிக்கிழமை 70 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை 50 கி.மீ. என்று இரண்டு நாள் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் நேரத்தையும் கூட்டித்தான் இடம் தருவார்கள். ஒரு நாள் போட்டியில் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் இழுத்துக்கொண்டு போவது என் வழக்கம். இதிலும் அப்படிச் செய்யலாமா?
வாசகர், உப்புவெளி

பதில்: செய்தால் ஞாயிறு காலை முதல் ஏற்றத்திலேயே கால் கனத்துவிடும். தசையிலும் ஈரலிலுமாக ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் மாச்சத்துத்தான் சேமிப்பில் நிற்கும். மூச்சு முட்ட ஓடும்போது முதலில் கரைவது இதுதான். அளவாக ஓடினால் கொழுப்பும் பங்கெடுக்கும். கரைந்த சேமிப்பு நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஒரு முழு நாள் தேவை. சனி காலை 7 மணிக்குக் கிளம்பி 11.30க்கு முடித்தீர்கள் என்றால், ஞாயிறு காலை 7 மணி வரை உங்களுக்குக் கிடைப்பது பத்தொன்பதரை மணித்தியாலம். பற்றாக்குறை அங்கேயே தொடங்குகிறது. முதல் நாள் எவ்வளவைக் கரைக்காமல் விட்டீர்கள் என்பதுதான் இரண்டாம் நாள் கணக்கு.

ஒற்றையடிப் பாதை சீக்கிரம் வருகிறது, பின்னால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம் நியாயமானது. அதற்காக இரண்டு மூன்று நிமிடம் கடுமையாக மிதித்து இடம் பிடியுங்கள், அதில் கெடுதல் இல்லை. அதற்குப் பிறகும் அதே வேகத்தில் நாற்பது நிமிடம் போவதுதான் ஆளை முடிக்கும். அதிகபட்ச நாடித்துடிப்பு 185 உள்ளவர் முதல் ஒரு மணித்தியாலத்தில் சமதரையில் 150க்கும் 155க்கும் இடையில் நிற்கட்டும், ஏற்றத்தில் 165ஐத் தாண்ட வேண்டாம். நாடி மானி இல்லாதவருக்கு மூச்சே அளவுகோல்: ஒரு சிறிய வசனத்தை இடையில் திணறாமல் சொல்லி முடிக்க முடிய வேண்டும். நம் பக்க வெயிலில் வேகம் கூடாமலே இரண்டாம் மணித்தியாலத்தில் நாடி பத்துத் துடிப்பு வரை ஏறும். அப்போது மானியைப் பார்த்துப் பதறாமல் மூச்சை நம்புங்கள்.

பாரமான கியரில் நின்று அழுத்துவதையும் விடுங்கள். நிமிடத்துக்கு 50, 55 சுற்று என்று மிதித்து ஏறினால் தொடைத் தசை நார்களுக்கு அடி விழும். அந்த வலி மறுநாள்தான் வெளியே வரும். 75 சுற்றுக்குக் குறையாமல் ஏறக்கூடிய கியர் வேண்டும். முன்னால் 34 பல் சக்கரம் போட்டிருப்பவர் இரண்டு நாள் போட்டிக்கு 32க்கோ 30க்கோ இறங்குவது நல்லது. சமதரை வேகத்தில் இழப்பது கொஞ்சம்தான், ஏற்றத்தில் மிஞ்சுவது நிறைய.

கேள்வி: ஜெல் பைக்கற் வாங்கிக் கட்டாது. வீட்டில் உள்ளதை வைத்து இரண்டு நாளையும் சமாளிக்க முடியுமா? எவ்வளவு, எப்போது என்று கணக்காகச் சொல்லுங்கள்.
வாசகர், கிண்ணியா

பதில்: முடியும். ஜெல்லில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைதான், காசு போவது பைக்கற்றுக்கு.

சைக்கிளில் இருக்கும்போது மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து இலக்கு. வயிற்றைப் பழக்கியவர் 80, 90 வரை போகலாம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது. பிரக்டோசும் சேர்ந்தால் அது வேறு வழியாக உள்ளே போகும். நம் வீட்டுச் சீனியில் இரண்டும் பாதிக்குப் பாதி இருப்பதால் அது இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். 750 மி.லீ. போத்தலுக்கு மட்டமாக நான்கு மேசைக்கரண்டி சீனி (ஏறத்தாழ 48 கிராம்), கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். வெயில் நேரத்தில் இதைவிட இனிப்பாகக் கலக்காதீர்கள். செறிவு கூடினால் தண்ணீர் வயிற்றிலேயே நின்று குமட்டும். மிச்ச மாச்சத்துக்கு ஒரு கதலிப் பழமோ, சின்னப் பேரீச்சம்பழம் இரண்டு மூன்றோ, பனங்கட்டித் துண்டோ போதும். பனங்கட்டியை முதல் நாளே கடலை அளவுக்கு உடைத்துச் சின்னப் பொலித்தீனில் முடிந்து வையுங்கள். குலுங்கும் பாதையில் பெரிய கட்டியைக் கடிக்க முடியாது. பசி வரும் வரை காத்திருக்க வேண்டாம். முதல் வாய் 20ஆவது நிமிடத்தில், பிறகு 20 நிமிடத்துக்கு ஒன்று.

ஜீவனி உப்புக் கரைசலைப் பலர் சக்திப் பானம் என்று நினைக்கிறார்கள். அதில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. வயிற்றோட்டத்தில் போன நீரையும் உப்பையும் மீட்பதற்குச் செய்யப்பட்டது அது. போட்டி முடிந்த பிறகு குடிக்க நல்லது, ஓடும்போது அதை மட்டும் நம்பினால் பசியில் விழுவீர்கள்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும்தான் முக்கியமான வேலை தொடங்குகிறது. முதல் நான்கு மணித்தியாலத்தில் தசை மாச்சத்தை வேகமாக வாங்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் மணித்தியாலத்துக்கு உடல் எடை கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் போக வேண்டும்: 65 கிலோக்காரருக்கு 65 கிராம். அரை மணித்தியாலத்துக்குள் சீனி போட்ட பால் ஒரு பெரிய கோப்பை, வாழைப்பழம் இரண்டு. ஒரு மணித்தியாலம் கழித்து வெள்ளைச் சோறு கோப்பை கணக்கில் இரண்டு, மீன் ஒரு பெரிய துண்டு (100 கிராம் மீனில் 20 கிராமுக்கு மேல் புரதம் உண்டு), பருப்புக் கறி கொஞ்சம், உப்பு அளவாக. தேங்காய்ப்பால் தடித்த கறி, பொரியல், இறைச்சிப் புரியாணி எல்லாம் ஞாயிறு பின்னேரத்துக்கு வையுங்கள். கொழுப்பு வயிற்றில் நேரம் பிடித்துச் சோற்றுக்கு இடமில்லாமல் செய்யும். இரவு இடியப்பமும் சொதியும் முட்டையும், படுக்குமுன் தயிரும் பனங்கட்டியும் போதும். அவித்த கடலையையும் பச்சைக் கீரைச் சம்பலையும் அன்று தவிருங்கள். நல்ல சாப்பாடுதான், ஆனால் காலையில் வயிற்றைக் கிளப்பும்.

7 மணிப் போட்டிக்கு 4 மணிக்கு எழும்பிப் பாணும் ஜாமும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு மறுபடி சாயலாம்.

கேள்வி: கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? ஆளுக்கு ஆள் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
வாசகர், நிலாவெளி

பதில்: ஆளுக்கு ஆள் வேர்வை வேறு என்பதால் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. உங்கள் அளவை நீங்களே நிறுத்துப் பாருங்கள். போட்டி நடக்கும் அதே வெயிலில், அதே வேகத்தில் இரண்டரை மணித்தியாலம் ஓடுங்கள். போகுமுன் உள்ளுடுப்போடு 66.0 கிலோ, வந்து துடைத்துவிட்டு 64.4 கிலோ, இடையில் குடித்தது 1.8 லீற்றர் என்று வைப்போம். எடைக் குறைவு 1.6, குடித்தது 1.8, ஆக மொத்தம் 3.4 லீற்றர் போயிருக்கிறது, மணித்தியாலத்துக்கு 1.36 லீற்றர். அதை முழுவதும் ஓடிக்கொண்டே குடித்து ஈடுகட்ட வயிறு இடம் தராது. மணித்தியாலத்துக்கு 800, 900 மி.லீ. குடித்து, எடைக் குறைவை 2 வீதத்தின் அக்கம்பக்கத்தில் பிடித்தால் நல்லது.

கச்சான் காலத்தில் ஒரு ஏமாற்று உண்டு. வறண்ட காற்று வேர்வையை உடனே உலர்த்திவிடும். மேற்சட்டை நனையாததால் வேர்க்கவில்லை என்று நினைப்பீர்கள். முழங்கையிலும் தலைக்கவச வாரிலும் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் படிபவர் போத்தலில் உப்பைச் சற்றுக் கூட்டலாம்.

முடிந்ததும் குறைந்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு குடிக்க வேண்டும். மேற்சொன்னவருக்கு 2.4 லீற்றர், நான்கைந்து மணித்தியாலத்தில் பிரித்துப் பிரித்து, உப்புள்ள சாப்பாட்டோடு. வெறும் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் பாதி சிறுநீராகப் போய்விடும். போட்டி முடிந்து எடை கூடியிருந்தால், விரல் வீங்கித் தலை வலித்துக் குமட்டினால், அது தண்ணீர் போதாமை அல்ல. மிஞ்சிப்போய் இரத்தத்தில் சோடியம் குறைந்த நிலை. அப்போது மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து, வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெயில் தாக்கிப் பேச்சுக் குழறி, இடம் தெரியாமல் தடுமாறுகிறவரை நிழலில் கிடத்தி உடனே குளிரவையுங்கள்: ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதில், இல்லாவிட்டால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி. 1990 இலக்கத்துக்கு அழைத்துவிட்டு, அம்புலன்ஸ் வரும் வரை குளிரவைப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் நெருஞ்சி முள்ளும் உடை முள்ளும். ரியூப் போட்டால் ஒரு ஓட்டத்துக்கு இரண்டு பஞ்சர். ரியூப் இல்லாத முறைக்கு மாறலாமா?
வாசகர், மூதூர்

பதில்: உங்கள் பக்கத்துக்கு அதுதான் சரி. ரிம்மும் ரயரும் ரியூப்லெஸ்ஸுக்கு ஏற்றவையா என்று முதலில் பாருங்கள். பழைய ரிம்மில் வலிந்து செய்தால் வளைவில் காற்று வெளியே துப்பும்.

ரிம்மின் உள்ளைத் துடைத்து, உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலமான ரிம் ரேப்பை இழுத்து ஒட்டுங்கள். காற்றுக்குமிழ் நின்றால் அந்த இடத்தால்தான் பின்னர் ஒழுகும். வால்வு ஓட்டையைக் கத்தியால் வெட்டாமல் சூடாக்கிய ஊசியால் குத்துங்கள், கிழியாது. ரயரின் ஓரத்துக்குச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, வால்வின் உள்ளாணியைக் கழற்றி, ரயர் கடையில் கொம்பிரசரால் அடித்தால் டக் டக்கென்று இரண்டு பக்கமும் ஏறி உட்காரும். பிறகு சீலன்ற் பாலை வால்வு வழியாக ஊற்றுங்கள்: 29 அங்குலம், 2.25 அகலத்துக்குச் சில்லு ஒன்றுக்கு 100 மி.லீ. போத்தலை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்ற வேண்டும், முள் ஓட்டையை அடைக்கும் துகள்கள் அடியில் தங்கியிருக்கும். காற்றடித்துச் சில்லை ஒரு பக்கம் கால் மணித்தியாலம், மறுபக்கம் கால் மணித்தியாலம் படுக்கப் போடுங்கள்.

பலர் மறப்பது இதற்குப் பிறகு. நம் வெப்பத்தில் இந்தப் பால் ஆறு கிழமைக்குள் காய்ந்து தோலாகிவிடும். வால்வு உள்ளாணியைக் கழற்றி ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் பட்டியை விட்டுப் பாருங்கள். நுனி நனையாவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை. சனி பின்னேரமும் இந்தச் சோதனை அவசியம். முதல் நாள் முப்பது முள்ளை அடைத்த ரயரில் மறுநாளுக்குப் பால் மிஞ்சியிராது, 30 முதல் 40 மி.லீ. சேருங்கள். ஓடும்போது குத்திய முள்ளைப் பிடுங்க வேண்டாம். வீட்டில், பால் சேர்த்த பிறகு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி அந்த இடம் கீழே வரும்படி சில்லைத் திருப்பி வைத்தால் அடைந்துவிடும்.

65 கிலோக்காரருக்கு மணல் கூடிய பாதையில் முன்னால் 19, பின்னால் 21 பி.எஸ்.ஐ.; கல்லும் வேரும் என்றால் 22, 24. பக்கச்சுவர் கிழிந்தால் பாலால் அடைக்க முடியாது. ஆகவே ஒரு ரியூப்பும், உள்ளே கொடுக்க பழைய ரயரில் வெட்டிய நான்கு அங்குலத் துண்டும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: சனி பின்னேரம் சைக்கிளுக்குச் செலவிட ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். எதை முதலில் பார்ப்பது?
வாசகர், திருகோணமலை நகரம்

பதில்: கழுவாமல் எதையும் பார்க்க முடியாது. வாளித் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சு போதும். மோட்டார் சைக்கிள் கழுவும் கடை அழுத்தக் குழாயைக் கிட்டவே விடாதீர்கள், அது மணலைப் பெயரிங்குகளுக்குள் தள்ளும். கடற்கரையோரம் ஓடியிருந்தால் உப்பு போகும் வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

கழுவியதும் செயினைத் துணியால் துடைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடையுங்கள். வெளியே பிசுபிசுக்கும் எண்ணெய் மணலைப் பிடித்து அரமாக மாறும். மெழுகு வகை காய்வதற்குச் சில மணித்தியாலம் வேண்டும், அதனால்தான் காலையில் இல்லாமல் பின்னேரமே போடச் சொல்கிறோம். செயின் நீண்டதை அளக்கும் அளவுகோல் 0.5 வீதம் காட்டினால் 11, 12 கியர்ச் செயினை மாற்றும் நேரம். ஆனால் அந்த வேலையைப் போட்டிக்கு முந்திய கிழமை செய்யுங்கள். தேய்ந்த பற்களில் புதுச் செயின் வழுக்குவது முதல் ஏற்றத்தில்தான் தெரியவரும்.

பிறகு பிறேக். சில்லைக் கழற்றி, கலிப்பருக்குள் ரோச் அடித்துப் பாருங்கள். கட்டையின் உலோகத் தகட்டுக்கு மேல் உராயும் பகுதி ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அரை மில்லிமீற்றர் வரை ஓடலாம் என்பது சாதாரண நாளுக்கு. ஈரமணலில் மென்மையான ரெசின் கட்டை ஒரே போட்டியில் தீர்ந்துபோவதுண்டு. மழைக்கும் சேற்றுக்கும் உலோகத் துகள் கட்டை நீடிக்கும், சத்தம் கொஞ்சம் போடும். புதுக்கட்டை போட்டால் ஒழுங்கையில் வேகமெடுத்துப் பதினைந்து தடவை பிறேக் பிடித்துப் பதப்படுத்தாமல் தூங்கப் போகாதீர்கள். செயின் எண்ணெய் பிறேக் தட்டில் பட்டால் கட்டை வீண்.

வலப்பக்கம் விழுந்திருந்தால் பின்கியரைப் பிடிக்கும் ஹாங்கரைப் பின்னாலிருந்து பாருங்கள். அது இலகுவில் வளையும்படி செய்யப்பட்டது, சட்டம் உடையாமலிருக்க அதுவே வளைந்துகொடுக்கும். உள்ளே சாய்ந்திருந்தால் மிகப் பெரிய பல்லுக்குப் போகும்போது பின்கியர் சில்லுக் கம்பிகளுக்குள் விழும். ஹாங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறு, போட்டித் திடலில் கடன் கிடைக்காது. உங்களுடையதை ஒன்று வாங்கி வையுங்கள். கடைசியாக ஆணிகள்: ஹாண்டில் தண்டின் ஆணிக்குப் பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர் இறுக்கம், சப்பாத்துக் கிளீற் ஆணி, சீற் ஆணி. நேரம் மிஞ்சினால் சட்டத்தைப் பளபளப்பாக்கலாம்.

கேள்வி: இரண்டாம் நாள் சீற்றில் உட்காரவே முடியவில்லை. என்ன செய்வது?
வாசகி, அன்புவழிபுரம்

பதில்: முடித்ததும் நனைந்த கால்சட்டையோடு பரிசளிப்பு வரை நிற்பதுதான் முதற்காரணம். ஐந்து நிமிடத்தில் கழற்றி, கழுவி, நன்றாக உலர்த்தித் தளர்ந்த பருத்தி உடை அணியுங்கள். இரண்டு நாளுக்கு இரண்டு கால்சட்டை, இரண்டும் ஏற்கெனவே ஓடிப் பழகியவை, உள்ளுடுப்பு வேண்டாம், உராயும் இடத்தில் கிறீம். அந்தக் கிழமை அங்கே சவரம் செய்யாதீர்கள், முடி வேரில் கட்டி வரும். சீற் உயரம் கூடினால் இடுப்பு இடமும் வலமும் ஆடி உராயும்: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு சரியக்கூடாது. முன்பக்கம் மரத்துப்போனால் சீற் மூக்கை ஒரு துளி கீழே இறக்குங்கள். சீழ் வைத்த கட்டியோடு ஓட வேண்டாம்.

கேள்வி: நானும் மச்சானும் சோடியாக ஓடப்போகிறோம். அவர் என்னைவிட வேகம். எப்படிச் சேர்ந்து போவது?
வாசகர், தம்பலகாமம்

பதில்: தென்னாபிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக் எட்டு நாள் போட்டியும் இருவர் அணிக்கானதுதான். இருவருக்கும் இடையே இரண்டு நிமிடத்துக்கு மேல் விழக்கூடாது என்பது அங்கே விதி. ஏற்றத்தில் உங்கள் வேகம்தான் அணியின் வேகம், மச்சான் முன்னால் போய்த் திரும்பித் திரும்பிப் பார்ப்பதால் உங்கள் மூச்சுத்தான் போகும். அவர் பக்கத்தில் வரட்டும். சமதரையிலும் எதிர்க்காற்றிலும் அவர் முன்னால், நீங்கள் அவர் பின்சில்லோடு ஒட்டி. கருவிப் பையும் காற்றுப் பம்பும் மேலதிகத் தண்ணீரும் அவர் முதுகில். இருவரின் கியரும் சில்லளவும் வால்வும் ஒன்றாக இருந்தால் உதிரிப்பாகம் பாதியாகக் குறையும்.

கேள்வி: இங்கே மலை இல்லை. மலைநாட்டுப் போட்டிக்கு எப்படிப் பழகுவது?
வாசகர், கந்தளாய்

பதில்: மலை இல்லாவிட்டாலும் காற்று இருக்கிறது. கச்சானுக்கு எதிரே மேற்கு நோக்கி, பாரமான கியரில்லாமல், 8 நிமிடம் கடுமையாக, 4 நிமிடம் மெதுவாக என்று நான்கு தடவை. நீண்ட ஏற்றத்தைப் போலவே எதிர்க்காற்றும் மிதிப்பை இடைவிடாமல் கேட்கும். இதைக் கிழமைக்கு ஒரு நாள் செய்யுங்கள். நடுக்கிழமையில் ஒன்றரை மணித்தியாலம் குளக்கட்டிலும் வாய்க்கால் கிறவல் ரோட்டிலும் இலேசாக. சனி 4 மணித்தியாலம், ஞாயிறு இரண்டரை. ஞாயிறு கடைசி 40 நிமிடத்தைப் போட்டி வேகத்தில் முடியுங்கள். களைத்த காலால் வேகம் எடுப்பதுதான் நீங்கள் பழக வேண்டியது. மூன்று கிழமை ஏற்றி, நான்காம் கிழமை நேரத்தை 40 வீதம் குறையுங்கள். போட்டிக்கு முந்திய பத்து நாளில் தூரத்தைப் பாதியாக்கி வேகத்தை மட்டும் குறைக்காமல் வையுங்கள். கந்தளாய், ஹபரணைப் பக்கம் யானை நடமாடும் பாதைகளில் நன்றாக விடிந்த பிறகே இறங்குங்கள், பொழுதுபட முன் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இங்கே பழக முடியாதது நீண்ட இறக்கம். இரண்டு நாள் முன்னதாகவே போய் இறங்கிப் பாருங்கள். பிறேக்கைத் தொட்டுக்கொண்டே வந்தால் தட்டு சூடேறிப் பிடி தளரும், முன்கையும் இறுகிப்போகும். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, வளைவில் விடுவிப்பதே முறை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே முதல் ஏற்றத்தில் வழமையைவிட ஒரு கியர் இலேசாகப் போங்கள். ஒரு மெல்லிய காற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும்.

கேள்வி: முதல் நாள் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டாம் நாள் ஓடலாமா?
வாசகர், குச்சவெளி

பதில்: ஐபுபுரூபன், டைக்ளோபினக் வகை மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இவை மேலும் குறைக்கும். சனி இரவு சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்து, தசை வீங்கி வலித்தால், அது தசை சிதைந்து இரத்தத்தில் கலப்பதன் அடையாளம். அப்படியே வைத்தியசாலைக்குப் போங்கள், ஞாயிறு போட்டியை மறந்துவிடுங்கள். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சேற்று வயலும் ஆறும் கடந்த போட்டியானால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2000 ஆம் ஆண்டில் மலேசியாவின் சபாவில் நடந்த ஈகோ சலெஞ்ச் சாகசப் போட்டிக்குப் பிறகு பல போட்டியாளருக்கு எலிக்காய்ச்சல் வந்தது; செகாமா ஆற்றில் இறங்கியதே காரணம் என்று கண்டறிந்தார்கள். நம் நாட்டிலும் அந்த நோய் உண்டு. காயத்தை மூடி ஓடுங்கள். பின்வரும் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் ஓடியதை வைத்தியருக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு ஞாயிறு போட்டி, அடுத்த ஞாயிறு இன்னொன்று. இடையில் என்ன பயிற்சி?
வாசகர், சீனன்குடா

பதில்: உடற்கட்டு ஏற அந்த நாள்கள் போதாது, ஆறத்தான் போதும். திங்கள் ஓய்வு. செவ்வாய் 40 நிமிடம் மிக இலேசாக. புதன் ஒரு மணித்தியாலம். வியாழன் ஒன்றேகால் மணித்தியாலம், அதில் மூன்று தடவை 4 நிமிடம் போட்டி வேகம். வெள்ளி ஓய்வு. சனி அரை மணித்தியாலம், இடையில் மூன்று ஒரு நிமிட வேகங்கள். ஒவ்வொரு நாளும் எழும்பியதும் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழமையைவிட ஏழெட்டுக் கூடுதலாக இரண்டு காலை தொடர்ந்து நின்றால் வியாழன் வேகத்தை விட்டுவிடுங்கள். சனியும் இறங்காவிட்டால், அந்த ஞாயிறை முடித்தால் போதும் என்ற வேகத்தில் ஓடுங்கள், அல்லது பெயரை எடுத்துவிடுங்கள்.